ஐ.பி.எஸ். என்ற குடல் தொல்லை இருப்பவர் யாழ்ப்பாணச் சமையலைக் கைவிட வேண்டியதில்லை

கடிதத்தில் கேள்வி கேட்டவரின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். வயது 31. கோப்பாயில் வீடு, கிளிநொச்சியில் ஆசிரியப் பணி. விடிவதற்கு முன்னரே பஸ் ஏற வேண்டும். இரண்டு வருடங்களாகக் காலையில் மூன்று நான்கு தடவை இளகிய மலம் போகிறது, மாலையில் வயிறு பொருமுகிறது, இடையிடையே வரும் வலி மலம் கழித்த பின் தணிகிறது. இரத்தம், மலம், ஸ்கான், எண்டோஸ்கோபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் குறை இல்லை. டொக்டர் ஐ.பி.எஸ். (எரிச்சலுறும் குடல் நோய்) என்று சொல்லிக் குளிசை எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் பிறகு ஆளுக்கொரு புத்திமதி. மீன் சூடு, முட்டை வாயு, கத்தரிக்காய் ஆகாது, தேங்காய் ஆகாது என்று ஒவ்வொன்றாக விட்டு, இப்போது சோறும் தயிரும் மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. "இதற்கு மேல் எதை நிறுத்துவது?" என்று கேட்கிறார்.

எதையும் நிறுத்தாதீர்கள். நிறுத்தியவற்றில் பெரும்பகுதியை இந்தக் கிழமையிலிருந்தே ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்கத் தொடங்குங்கள். மீனிலும் முட்டையிலும் இறைச்சியிலும் குடலில் நொதித்து வாயு உண்டாக்கும் மாச்சத்து இல்லை. கத்தரிக்காய், கரட், உருளைக்கிழங்கு, கீரை ஆகியவை அளவோடு சாப்பிட்டால் இந்த நோய் உள்ள பெரும்பாலானவர்களுக்குத் தொல்லை தருவதில்லை. நீங்கள் விட்டவை இவைதாம். விடாமல் வைத்திருக்கும் தயிரிலோ, பாலை விடக் குறைவாக என்றாலும், பலருக்கு முழுதாகச் செரிக்காத பாற்சர்க்கரையான லக்டோஸ் இருக்கிறது. ஆதாரமில்லாமல் உணவை விலக்கினால் இப்படித்தான் ஆகும்: உடம்புக்கு வேண்டியது போய்விடும், சந்தேகத்துக்குரியது தட்டிலேயே இருக்கும்.

நோய் இதுதானா என்பதை முதலில் உறுதிப்படுத்திக்கொள்வோம். டொக்டர்கள் இந்த நோயை இனங்காணப் பயன்படுத்தும், 2016 இல் வெளியான ரோம் அளவுகோலின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாகக் கிழமைக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புபட்டிருப்பது, மலம் போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும். உங்கள் விவரம் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, காய்ச்சல், இரத்தச்சோகை, நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம், ஐம்பது வயதை அண்டிப் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடற்புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை வாசிப்பதை விட்டுவிட்டு டொக்டரிடம் திரும்பிப் போக வேண்டும். நம் பகுதியில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அமீபாவால் ஈரலில் சீழ்க்கட்டி வருவது யாழ்ப்பாணத்தில், குறிப்பாகக் கள்ளுக் குடிப்பவர்களிடையே, நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். காய்ச்சலோடு வலது விலாவின் கீழ் வலித்தால் அது ஐ.பி.எஸ். அல்ல.

கோதுமையை நிறுத்திப் பார்க்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே, கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேளுங்கள். கோதுமையை விட்ட பிறகு அந்தப் பரிசோதனை செய்தால், நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும்.

"எல்லாம் நோர்மல், மனதில்தான் பிரச்சினை" என்று சிலர் சொல்லியிருப்பார்கள். அது தவறு. குடலுக்கென்று தனியான நரம்பு வலை இருக்கிறது, அது மூளையோடு இடைவிடாமல் செய்தி பரிமாறுகிறது. ஐ.பி.எஸ். உள்ளவருக்கு இந்தத் தொடர்பின் உணர்திறன் கூடிவிடுகிறது. கோயில் ஒலிபெருக்கியில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் மூச்சுவிடுவதும் இரைச்சலாகக் கேட்கும். அதுபோல மற்றவர் உணராத சாதாரண வாயுவும் உங்களுக்கு வலியாகத் தெரிகிறது. ஸ்கானில் இது தெரியாது. ஆனாலும் வலி மெய்யானது.

பலருக்கு இது ஒரு கிருமித்தொற்றுக்குப் பிறகே தொடங்குகிறது. கடுமையான வயிற்றோட்டம் வந்து குணமானவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். தொடர்கிறது. நம் கிணறுகள் சுண்ணக்கல் நிலத்தில் இருக்கின்றன, மலக்குழிகளும் அதே நிலத்தில்தான் இருக்கின்றன. கழிவு கிணற்று நீரில் கசியக்கூடும். ஆகவே கொதித்தாறிய நீரைக் குடிப்பது உங்களுக்கு மற்றவர்களைவிட முக்கியம். புதிய தொற்று ஒவ்வொன்றும் குடலைப் பழைய நிலைக்கு இழுத்துவிடும். சிறுவயதில் பட்ட பேரச்சமும் இழப்பும் பிற்காலத்தில் இந்த நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விடயம். இடப்பெயர்வுக்குள் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

உணவைக் குற்றம் சாட்டும்போது பெரும்பாலானவர்கள் எங்கே வழி தவறுகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் புட்டுச் சாப்பிட்ட பத்து நிமிடத்தில் மலசலகூடத்துக்கு ஓட வேண்டியிருந்தால், புட்டு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் அந்தப் புட்டு அப்போது இரைப்பையைக்கூடத் தாண்டியிருக்காது. இரைப்பை நிரம்பியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு, உங்களுக்கு அது மிகையாக நடக்கிறது. எந்த உணவாக இருந்தாலும், அதிகமாகவும் எண்ணெய் கூடவும் சூடான தேநீரோடும் சாப்பிட்டால் அந்த அசைவு கூடும். பொருமலும் வாயுவும் வேறு கதை. சிறுகுடலில் உறிஞ்சப்படாத மாச்சத்து பெருங்குடலை அடைந்து அங்குள்ள பக்டீரியாக்களால் நொதிக்கப் பல மணிநேரம் ஆகும். மாலைப் பொருமலுக்குக் காரணம் மத்தியானச் சாப்பாடாகவோ காலைச் சாப்பாடாகவோ இருக்கலாம், காலை வலிக்குக் காரணம் முந்திய இரவின் கொத்து ரொட்டியாக இருக்கலாம். ஆகவே இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, தொல்லை எப்போது வந்தது, மாதவிடாய் எப்போது, நித்திரை எப்படி. எழுதி முடித்த பின் அன்றைய தட்டை மட்டும் பார்க்காமல், தொல்லை வந்த நேரத்திலிருந்து ஒரு நாள் பின்னோக்கிப் பாருங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே நேரத்தைச் சீர்செய்யலாம். உங்கள் விவரத்தில் எனக்கு முதலில் பட்டது தயிரோ புளியோ அல்ல, பஸ்தான். ஏ9 வீதியில் அத்தனை தூரம் போகும்போது வயிறு கலக்கினால் என்ன செய்வது என்ற பயத்தில் காலையில் வெறும் வயிற்றோடு ஏறுகிறீர்கள், பாடசாலையில் இரண்டு தேநீரோடு ஒப்பேற்றுகிறீர்கள், பின்னேரம் வீடு திரும்பியதும் ஒரே மூச்சில் பெரிய சாப்பாடு. அதற்குப் பிறகு பொருமுகிறது. இது குடலுக்கு மிகக் கடினமான அட்டவணை. பஸ்ஸுக்கு ஒரு மணிநேரம் முன்னதாக எழுந்து, இரண்டு மூன்று இடியப்பமோ ஒரு சிறிய துண்டு அரிசிமாப் புட்டோ மெல்லச் சாப்பிட்டு, மலசலகூடத்தில் அவசரமில்லாமல் இருக்க நேரம் ஒதுக்குங்கள். அந்த அசைவு வீட்டிலேயே நடந்து முடியட்டும். மத்தியானத்துக்குச் சோற்றுப் பொதி கட்டிக்கொண்டு போங்கள். இரவுச் சாப்பாட்டைச் சிறிதாக்குங்கள். தேநீரும் கோப்பியும் சேர்த்து நாளுக்கு மூன்று கோப்பைக்குள் நிற்கட்டும், சோடா வேண்டாம்.

இது மிகச் சாதாரணமான யோசனையாகத் தோன்றும். 2015 இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், இப்படியான வழமையான ஆலோசனை பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நன்மை கிடைத்தது. கடுமையான விலக்கு உணவு முறையைப் பின்பற்றியவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவுதான் கிடைத்தது. ஆகவே ஒரு மாதம் இதை மட்டும் செய்து பாருங்கள்.

அது போதாவிட்டால்தான் அடுத்த படி. ஃபொட்மப் என்று அழைக்கப்படும் முறை அவுஸ்திரேலியாவின் மெல்பேணில், மொனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுக்கப்பட்டது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல், நீரை இழுத்து, பெருங்குடலில் நொதிக்கும் மாச்சத்துகளைச் சில கிழமைகளுக்குக் குறைத்துப் பார்ப்பதே அதன் சாரம். அதன் பட்டியல்கள் பாணும் பாஸ்தாவும் சாப்பிடுபவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் சமையலறைக்கு அதை மாற்றிச் சொன்னால் கவனிக்க வேண்டியவை நான்கு: கோதுமை மா, வெங்காயமும் உள்ளியும், பருப்பு வகைகள், பால். அரிசியில் பயமே இல்லை. நம் உணவின் அடித்தளமே அரிசி என்பது உங்களுக்குப் பெரிய வசதி.

கோதுமை மாவைச் சொல்லும்போது பலர் "நான் பாண் சாப்பிடுவதில்லை" என்பார்கள். ஆனால் புட்டு மாவில் பாதிப் பங்கு அவித்த கோதுமை மா, இடியப்பத்திலும் அதே கலவை, பின்னேரம் ஒரு ரோல்ஸ், இரவில் ரொட்டி என்று நாள் முழுவதும் அது சேர்ந்துகொண்டே போகிறது. புட்டையும் இடியப்பத்தையும் வறுத்த சிவப்பரிசி மாவில் மட்டும் செய்தால் சுமை பெருமளவு குறையும். தோசை வேண்டுமானால் உழுந்தும் அரிசியும் மட்டும் அரைத்து, நன்றாகப் புளிக்க வைத்துச் சுடுங்கள். புளிக்கும்போது வாயு உண்டாக்கும் சர்க்கரைகளின் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. தோசை மாவில் கோதுமை மாவைக் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

வெங்காயம் கடினமான இடம். சின்ன வெங்காயம் விளையும் மண்ணில், சொதியிலிருந்து சம்பல் வரை அது இல்லாத கறியே இல்லாத வீட்டில், மாமி சமைக்கும்போது "வெங்காயம் போடாதீர்கள்" என்று சொல்வது எளிதல்ல. ஆனால் நான் பார்த்தவரையில், ஐ.பி.எஸ். உள்ள நம்மவர்களுக்கு மிகுதியான நிம்மதி தருவது இந்த ஒரு மாற்றம்தான். வெங்காயத்திலும் உள்ளியிலும் உள்ள ஃபிரக்டான் என்ற மாச்சத்து நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. கறி கொதிக்கும்போது துண்டுகளை எடுத்து வீசினாலும் அது குழம்பில் இறங்கிவிட்டிருக்கும். அதே உள்ளியை முழுப்பல்லாக நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி எடுத்து ஒதுக்கிவிட்டு, அந்த எண்ணெயில் கறியைத் தாளித்தால் வாசம் மட்டும் வரும், தொல்லை வராது. வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் லீக்ஸின் பச்சை இலையும் தாராளமாகச் சேர்க்கலாம், வெள்ளைப் பகுதிதான் ஆகாது. ஒரு சிட்டிகைப் பெருங்காயமும் கை கொடுக்கும். சொதிக்கு வெந்தயம், கறிவேப்பிலை, மஞ்சள், வெங்காயத்தாள், கடைசியில் தேசிக்காய்ப் புளி போதும். தேங்காய்ப் பால் ஒருவருக்குக் கால் கோப்பை அளவில் இருக்கட்டும். சம்பலில் பச்சை வெங்காயத்துக்குப் பதிலாக இஞ்சி சேர்த்து இடித்துப் பாருங்கள். மாமியிடம் இது சில கிழமைக்கான சோதனை என்று சொல்லுங்கள். நிரந்தரம் என்றால் யாருக்கும் மனம் கசக்கும்.

பருப்பை விட வேண்டாம். மைசூர்ப் பருப்பை இரண்டு மூன்று மணிநேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவியுங்கள். தட்டில் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கடலை, கௌபி, பயறு ஆகியவற்றைச் சோதனைக் காலத்தில் தவிர்க்கலாம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் பல வீடுகளில் மச்சம் இல்லை. மீன் போன இடத்தைப் பருப்பும் கடலையும் வடையும் நிரப்புவதால் அந்தக் காலத்தில் பலருக்குத் தொல்லை கூடுகிறது. அந்த நாட்களில் முட்டையும் வேண்டாம் என்றால் ஊறவைத்த பருப்பைச் சிறிதளவாக இரண்டு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள்.

பால் பற்றிப் பயம் தேவைக்கு மேல் பரவியிருக்கிறது. நம்மில் வளர்ந்தவர்கள் பலருக்கு லக்டோஸ் முழுதாகச் செரிக்காது என்பது உண்மை. ஆனாலும் ஒரு வேளைக்கு 12 கிராம் லக்டோஸ் வரை, அதாவது ஏறத்தாழ ஒரு குவளைப் பால் வரை, செரிமானக் குறைவு உள்ள பலரும் தாங்குகிறார்கள். உங்கள் குடல் அதைவிடக் குறைவாகவே தாங்கலாம். வெறுந்தேநீருக்கு மாறி இரண்டு கிழமை பார்த்துவிட்டு, ஒரு கரண்டிப் பால்மாவோடு திரும்பக் குடித்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் காரணம் பால் அல்ல, வேறெங்காவது தேடுங்கள்.

பழங்களில் மாம்பழமும் தர்ப்பூசணியும் அளவை மீறினால் தொல்லை தருபவை. கறுத்தக்கொழும்பான் பருவத்தில் இதை எழுத எனக்கே மனம் வரவில்லை. முழுப் பழத்துக்குப் பதிலாக இரண்டு கீற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பப்பாசி, அன்னாசி, தோடம்பழம், அதிகம் கனியாத வாழைப்பழம் நல்லவை.

மிளகாய்க்கு வருவோம். காரத்தைத் தரும் கப்சைசின் குடல் நரம்பில் உள்ள வலி ஏற்பிகளை நேரடியாகத் தூண்டுகிறது. நம் கறித்தூளில் உள்ள மல்லி, சீரகம், மிளகு, வெந்தயம் எதுவும் குற்றவாளி அல்ல, செத்தல் மிளகாயின் அளவே கேள்வி. உங்களுக்கென்று மிளகாயைப் பாதியாக்கி ஒரு தூள் திரித்து வையுங்கள். பிள்ளைப் பெற்றவர்களுக்கு வைக்கும் சரக்குக்கறி, உள்ளியை மட்டும் மேலே சொன்னபடி எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டால், உங்களுக்கு அருமையான கறி.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் இடம். இந்தக் குறைப்பு இரண்டு முதல் ஆறு கிழமைக்கு மட்டுமே. தொடங்கும் நாளிலேயே முடியும் நாளையும் கலண்டரில் குறியுங்கள். நன்மை தெரியாவிட்டால் அந்த நாளில் எல்லாவற்றையும் பழையபடி சாப்பிடுங்கள், காரணம் இந்த மாச்சத்துகள் அல்ல என்று அர்த்தம். நன்மை தெரிந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு கிழமையில் ஒரு பொருள்: முதல் நாள் சிறிதளவு, மறுநாள் கொஞ்சம் கூட, மூன்றாம் நாள் வழமையான அளவு. பிறகு இரண்டு மூன்று நாள் இடைவெளி. வெங்காயத்தில் தொல்லை வந்தால் அது ஒரு கரண்டியில் வருகிறதா, அரைக் கோப்பையில் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சிக்கல் அளவில்தான் இருக்கிறது, கொஞ்சம் வெங்காயத்தை அவர்கள் வாழ்நாள் முழுவதும் சாப்பிடலாம். நெடுநாள் விலக்கினால் குடலுக்கு நன்மை செய்யும் பிபிடோபக்டீரியாக்கள் குறைகின்றன என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. கர்ப்பமாக இருப்பவர்களும், ஏற்கெனவே எடை குறைந்தவர்களும், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் நிலைக்கு வந்தவர்களும் இந்த முறையைத் தாமாகச் செய்யவே கூடாது. உங்கள் கடிதத்தில் அந்தப் பயத்தின் சாயல் இருக்கிறது. அதனால்தான் சேர்ப்பதிலிருந்து தொடங்கச் சொன்னேன்.

நார்ச்சத்து கூட்டச் சொன்னார்கள் என்று கோதுமைத் தவிடு சாப்பிடாதீர்கள். 2009 இல் நெதர்லாந்தில் நடந்த ஆய்வில் இசப்கோல் உமி பயன் தந்தது, தவிடு சிலருக்குத் தொல்லையைக் கூட்டியது. இசப்கோல் கரையும் நார், இளகிய மலத்தையும் இறுகிய மலத்தையும் சீராக்கும். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, ஒரு பெரிய குவளைத் தண்ணீரோடு, மெல்ல மெல்லக் கூட்டுங்கள்.

குடலைச் சுத்தமாக்க வேண்டும் என்று பேதிக்குக் குடிப்பதும், வயிறு கலக்கிய ஒவ்வொரு தடவையும் கடையில் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லிக் குளிசை வாங்கி விழுங்குவதும் உங்களுக்குத் தீங்கே. இரண்டுமே குடலில் வாழும் நுண்ணுயிர்களைக் குலைக்கின்றன.

விரதத்தை விடச் சொல்ல மாட்டேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் இருக்கிறீர்கள் என்றால், பழமும் பாலும் மட்டும் என்ற முறை உங்களுக்கு ஒத்துவராது. ஒரு நேரம் சோறு என்ற முறையைத் தெரிந்தெடுங்கள். பாரணையன்று வாழையிலை நிறையச் சாப்பிடாதீர்கள்.

நடப்பது உண்மையிலேயே மருந்து. பின்னேரம் வெயில் தாழ்ந்த பின் அரைமணிநேரம் வேகமாக நடந்தால் வாயு நகரும், நித்திரையும் வரும். பஸ்ஸில் இருக்கும்போது கையை வயிற்றில் வைத்து, வயிறு எழுந்து தாழும்படி ஐந்து நிமிடம் மெல்ல மூச்சுவிடுங்கள். குடலுக்கும் மூளைக்கும் இடையிலுள்ள பதற்றத்தை அது தணிக்கும். மாதவிடாய் நாட்களில் தொல்லை கூடுவது இயல்பு, அந்த நாட்களின் அனுபவத்தை வைத்து எந்த உணவுக்கும் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பயணத்தைப் பற்றிய பயத்துக்கு வெறும் ஆறுதல் போதாது. நீண்ட பயண நாளில் முன்கூட்டியே எடுக்க, வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபரமைட் குளிசை பொருத்தமா என்று உங்கள் டொக்டரிடம் கேளுங்கள். பையில் அது இருக்கிறது என்ற நினைப்பே சிலரைக் காலையில் சாப்பிட வைக்கிறது. மூன்று மாதம் இவ்வளவும் செய்தும் வலி குறையாவிட்டால், குறைந்த அளவு அமிற்றிப்டிலின் (கூடிய அளவில் மனச்சோர்வுக்குத் தரப்படும் குளிசை) பற்றியும் கேளுங்கள். 2023 இல் இங்கிலாந்தில் 463 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை எடுத்தவர்களுக்கு, போலிக் குளிசை எடுத்தவர்களைவிடத் தொல்லை தெளிவாகக் குறைந்தது. மலத்தைச் சற்று இறுக்கும் இயல்பும் அதற்கு உண்டு, உங்கள் நிலைமைக்கு அது உதவும். மருந்துக்கடையில் யாராவது "இது மனநோய்க் குளிசை அல்லவா" என்று கேட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். அந்த நோய்களுக்குக் கொடுக்கும் அளவு இதைவிடப் பல மடங்கு, இங்கே அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கவே தரப்படுகிறது.